சொந்த டொமைனுக்கு மின்னஞ்சலை மாற்றுவது எப்படி: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

என்னுடைய முதல் மின்னஞ்சல் முகவரி, வீட்டுக்கு இணைய இணைப்புக் கொடுத்த நிறுவனம் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தது. வீடு மாறியபோது அந்த இணைப்பைத் துண்டித்தேன். சில வாரங்களில் முகவரியும் நின்றுவிட்டது. அந்த முகவரியை மட்டுமே அறிந்திருந்த பள்ளி நண்பர்கள் இருவரை மீண்டும் கண்டுபிடிக்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. முகவரியில் @ குறிக்கு இடப்புறம் இருந்த பெயர் மட்டுமே என்னுடையது என்பதும், வலப்புறம் இருந்தது வேறொருவரின் சொத்து என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஜிமெயில், யாகூ, அவுட்லுக் ஆகிய எல்லா இலவச முகவரிகளுக்கும் இது பொருந்தும். கணக்கை வைத்திருப்பதா நீக்குவதா என்ற முடிவு அந்தந்த நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கப்போவதாகக் கூகுள் 2023 மே மாதம் அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 2013இல், நெடுநாள் பயன்படுத்தப்படாத முகவரிகளை யாகூ வேறு நபர்களுக்கு ஒதுக்கியபோது, பழைய உரிமையாளர்களுக்கு வர வேண்டிய அஞ்சல்கள் புதியவர்களின் இன்பாக்ஸில் போய் விழுந்தன.

இதற்குத் தீர்வு, @ குறிக்கு வலப்புறத்தையும் நம்முடையதாக்கிக்கொள்வது. கைபேசி எண்ணை மாற்றாமலே வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளும் வசதி நமக்குப் பழகிப்போன ஒன்று. அந்த வலப்புறப் பெயரைத்தான் டொமைன் என்கிறோம். சொந்த டொமைன் இருந்தால் மின்னஞ்சலிலும் அதைச் செய்ய முடியும்: முகவரி நம்மிடம் இருக்கும், சேவை நிறுவனத்தை மட்டும் வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம். ஜிமெயில் முகவரி ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் ஒருவர், சொந்த டொமைனுக்கும் புதிய சேவை நிறுவனத்துக்கும் மாறும் வழியைத் தொடக்கத்திலிருந்து இங்கே விளக்குகிறேன். பழைய முகவரியும் புதிய முகவரியும் பல மாதங்கள் பக்கத்தில் பக்கத்தில் இயங்கப்போகின்றன என்பதால், எந்தப் படியிலும் அஞ்சல் தொலையும் அபாயம் இல்லை. ஒரே இரவில் எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும் என்று எண்ணாமல், பொறுமையாகச் செய்யுங்கள்.

முதல் படி: பெயரைத் தேர்ந்து பதிவு செய்தல்

டொமைன் என்பது விலைக்கு வாங்கும் பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஆண்டுக் கணக்கில் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய பதிவு. டாட் காம், டாட் இன் ஆகிய இரண்டையும் ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுகள் வரை பதிந்துகொள்ளலாம். கட்டணம் பெரும்பாலும் ஆண்டுக்கு 500 முதல் 1,500 ரூபாய்க்குள் இருக்கும். முதல் ஆண்டுக்கு 99 ரூபாய் என்ற விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், இரண்டாம் ஆண்டில் புதுப்பிக்க எவ்வளவு கேட்கிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் வாழ்நாள் முழுவதும் செலுத்தப்போவது அந்தத் தொகையைத்தான்.

பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் வைக்கும் சோதனை ஒன்றுதான்: வங்கிக் கிளையில் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருக்கும் ஊழியரிடம் இந்த முகவரியை வாயால் சொன்னால், அவர் ஒரே முறையில் சரியாக எழுதிக்கொள்வாரா? தமிழ்ப் பெயர்களில் இது எளிதன்று. எழில், யாழினி, தமிழரசன் போன்ற பெயர்களில் வரும் ழகரத்தைச் சிலர் ‘இசட் எச்’ என்று எழுதுவார்கள், சிலர் ‘எல்’ என்று எழுதுவார்கள். தகரத்துக்கு ‘டி’ மட்டுமா, ‘டி எச்’ சேர்ந்ததா என்ற ஐயம் எப்போதும் உண்டு. நெடிலுக்கு எழுத்தை இரட்டிப்பதா வேண்டாமா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே, எழுத்துக்கூட்டலில் ஐயம் எழாத குறுகிய பெயரைத் தேர்ந்தெடுங்கள்; இடைக்கோடும் எண்களும் வேண்டாம். நீங்கள் விரும்பும் பெயருக்கு இரண்டு எழுத்துக்கூட்டல்கள் வழக்கில் இருந்து, இரண்டும் கிடைக்குமானால், இரண்டையும் பதிந்து ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடுவது நல்ல செலவு.

தமிழ் எழுத்துகளிலேயே டொமைன் வாங்க முடியும். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் ஆகிய பின்னொட்டுகள் தமிழ் எழுத்தில் உள்ளன. அதைக் காணும்போது எனக்கும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் முதன்மை மின்னஞ்சல் முகவரிக்கு இன்று அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஜிமெயில் 2014 முதல் இத்தகைய முகவரிகளோடு அஞ்சல் பரிமாறிக்கொள்கிறது என்றாலும், ஏராளமான இணையதளப் படிவங்கள் ஆங்கில எழுத்தல்லாத முகவரியை இன்னும் பிழை என்று சொல்லித் தள்ளிவிடுகின்றன. பின்னொட்டைப் பொறுத்தவரை டாட் இன், டாட் காம் இரண்டில் ஒன்றே போதும்.

பதிவு முடிந்ததும், நீங்கள் கொடுத்த தொடர்பு முகவரிக்குச் சரிபார்ப்பு அஞ்சல் ஒன்று வரும். டாட் காம் போன்ற பொதுவான டொமைன்களுக்கு 15 நாட்களுக்குள் அதிலுள்ள இணைப்பை அழுத்தாவிட்டால், டொமைன் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதிப்படி டொமைன் முடக்கப்படலாம். அந்த அஞ்சலை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள்.

இந்தப் படியில் இன்னொன்று மிகவும் முக்கியம். டொமைனைப் பதிந்து தரும் நிறுவனத்தில் (இனி, பதிவு நிறுவனம்) நீங்கள் தொடங்கும் கணக்குக்குப் பழைய ஜிமெயில் முகவரியையே கொடுங்கள். புதிய டொமைனில் உருவாக்கப்போகும் முகவரியைப் பின்னாளிலும் அங்கே கொடுக்க வேண்டாம். என்றாவது டொமைன் காலாவதியாகி அஞ்சல் நின்றுபோனால், அதைப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பும், கடவுச்சொல்லை மீட்கும் அஞ்சலும் நின்றுபோன அதே முகவரிக்குத்தான் வரும். வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்த கதையாகிவிடும்.

இரண்டாம் படி: சேவை நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தல்

டொமைன் என்பது பெயர் மட்டும்தான். அஞ்சல்களை வாங்கி, சேமித்து, ஸ்பேமை வடிகட்டி, நமக்குக் காட்டும் வேலையை மின்னஞ்சல் சேவை நிறுவனம் செய்கிறது. சொந்தமாகச் சர்வர் அமைத்து நடத்தலாமா என்று ஆர்வமுள்ளவர்கள் கேட்பதுண்டு. தொடக்கநிலையில் அது வேண்டாம்: வீட்டு இணைப்புகளில் அஞ்சல் அனுப்பப் பயன்படும் 25ஆம் எண் போர்ட்டைப் பெரும்பாலும் அடைத்து வைத்திருப்பார்கள், திறந்திருந்தாலும், அறிமுகமில்லாத சர்வரிலிருந்து வரும் அஞ்சலைப் பெரிய நிறுவனங்கள் நம்புவதில்லை.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனத்தின் மெயில் சேவையில், ஒரு டொமைனுக்கு 5 பயனர்கள் வரை, ஆளுக்கு 5 ஜிபி இடத்துடன் இலவசத் திட்டம் ஒன்று உள்ளது. ஆனால் அந்தத் திட்டத்தில் ஐமேப் வசதி கிடையாது. அதாவது, பிரௌசரிலும் ஜோஹோவின் சொந்தச் செயலியிலும் மட்டுமே அஞ்சலைப் பார்க்க முடியும், தண்டர்பேர்ட் போன்ற வெளிச் செயலிகளில் முடியாது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலிருந்து 1999 முதல் இயங்கும் ஃபாஸ்ட்மெயில் கட்டணச் சேவை மட்டுமே தருகிறது. வேகமும் தேடல் வசதியும் அதன் பலம். சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயில், அஞ்சல்களைத் தானே படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து சேமிக்கிறது. சொந்த டொமைனை இணைக்கக் கட்டணத் திட்டம் தேவை, வெளிச் செயலிகளில் படிக்க ‘பிரிட்ஜ்’ என்ற கூடுதல் மென்பொருளைக் கணினியில் நிறுவ வேண்டும். ஜெர்மனியின் டூட்டா சேவையில் ஐமேப் அறவே இல்லை. கூகுளை விட மனமில்லாதவர்கள் கூகுள் வொர்க்ஸ்பேஸிலும், ஐபோன் வைத்திருப்பவர்கள் ஐக்ளவுட் பிளஸ் திட்டத்திலும் தங்கள் டொமைனை இணைத்துக்கொள்ளலாம்.

என் பரிந்துரை, ஐமேப் உள்ள ஏதாவதொரு கட்டணச் சேவை. ஐமேப் என்பது அஞ்சல்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்வதற்கான பொது வழி. அந்த வழி இல்லாத இடத்தில் பத்து ஆண்டு அஞ்சல்களைச் சேர்த்துவிட்டால், வெளியே வரும் நாளில் அவர்கள் தரும் கருவியை மட்டுமே நம்பியிருக்க வேண்டும். நிறுவனத்தை மாற்றும் சுதந்திரத்துக்காகத்தான் இவ்வளவு பாடுபடுகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. அதே காரணத்துக்காக, டொமைனைப் பதிந்த இடத்திலேயே மின்னஞ்சலையும் சேர்த்து வாங்குவதை நான் தவிர்க்கிறேன். ஓரிடத்தில் சிக்கல் எழுந்தால் மற்றொன்றாவது நம் கைக்குள் இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: டிஎன்எஸ் பதிவுகள்

புதியவர்கள் அஞ்சி நிற்கும் இடம் இதுதான். அஞ்சத் தேவையில்லை, ஆனால் அவசரப்படக் கூடாது.

டிஎன்எஸ் என்பது உங்கள் டொமைனைப் பற்றிய பொதுத் தகவல் ஏடு. உலகில் எந்தச் சர்வரும் அதைக் கேட்டுப் படிக்கலாம். பதிவு நிறுவனத்தின் தளத்தில் உள்நுழைந்தால், ‘டிஎன்எஸ் மேனேஜ்மென்ட்’ அல்லது அதையொத்த பெயரில் ஒரு பக்கம் இருக்கும். உங்கள் டொமைனில் ஏற்கெனவே இணையதளம் ஒன்று இயங்கிக்கொண்டிருந்தால், நேம்சர்வர்கள் (இந்த ஏட்டை வைத்திருக்கும் சர்வர்கள்) எங்கே சுட்டுகின்றன என்பதை முதலில் பாருங்கள்; அவை சுட்டும் இடத்தில்தான் திருத்த வேண்டும். வேறிடத்தில் எத்தனை முறை திருத்தினாலும் பயன் இருக்காது.

சேவை நிறுவனத்தில் கணக்குத் தொடங்கி உங்கள் டொமைனைச் சேர்த்ததும், அது உங்களுடையதுதான் என்று நிரூபிக்க டிஎக்ஸ்டி (வெறும் உரை) வகைப் பதிவு ஒன்றைச் சேர்க்கச் சொல்வார்கள். அவர்கள் தரும் வரியை நகலெடுத்து, டிஎன்எஸ் பக்கத்தில் ஒட்டிச் சேமித்துவிட்டு, சில நிமிடங்கள் கழித்துச் சரிபார்க்கும் பொத்தானை அழுத்தினால் போதும். அதன் பிறகு நான்கு வகைப் பதிவுகளைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

முதலாவது எம்எக்ஸ். இந்த டொமைனுக்கு வரும் அஞ்சலை எந்தச் சர்வரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அறிவிப்பது இது. வழக்கமாக இரண்டு மூன்று சர்வர்களைத் தருவார்கள். ஒவ்வொன்றுக்கும் 10, 20, 50 என்பதுபோல் ஒரு முன்னுரிமை எண் இருக்கும். எண் எவ்வளவு சிறியதோ முன்னுரிமை அவ்வளவு அதிகம். டொமைன் வாங்கியபோதே பதிவு நிறுவனம் தன்னுடைய எம்எக்ஸ் பதிவுகளை இட்டு வைத்திருக்கக்கூடும், அவற்றை நீக்கிவிடுங்கள். நீக்காவிட்டால் உங்களுக்கு வரும் அஞ்சல்களில் சில, நீங்கள் ஒருபோதும் திறக்காத ஓர் இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இரண்டாவது எஸ்பிஎஃப். உங்கள் டொமைனின் பெயரில் அஞ்சல் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு உரிமை உண்டு என்ற பட்டியல் இது. டிஎக்ஸ்டி வகைப் பதிவாக இருக்கும். ஒரு டொமைனுக்கு ஒரே ஓர் எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். பழையது ஒன்று இருக்க, புதிதாக இன்னொன்றைச் சேர்த்தால் இரண்டுமே செல்லாமல் போகும். இரண்டு சேவைகள் தேவைப்படுமானால், இரண்டையும் ஒரே வரிக்குள் சேர்த்து எழுத வேண்டும்.

மூன்றாவது டிகேஐஎம். நீங்கள் அனுப்பும் ஒவ்வோர் அஞ்சலிலும் சேவை நிறுவனம் மறைகுறிக் கையொப்பம் ஒன்றை இடும். அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் பொதுத் திறவுகோலை நீங்கள் டிஎன்எஸில் வைக்கிறீர்கள். மிக நீளமான இந்த வரியைக் கைபேசியிலிருந்து நகலெடுத்தால் நடுவில் இடைவெளியோ வரி முறிவோ சேர்ந்துவிடும் என்பதால், கணினியில் செய்யுங்கள். பெயரை இடும் கட்டத்தில் இன்னொரு தவறு அடிக்கடி நேர்கிறது. பல பதிவு நிறுவனங்களின் தளங்கள் டொமைன் பெயரைத் தாமாகவே இறுதியில் சேர்த்துக்கொள்ளும். அதை அறியாமல் முழுப் பெயரையும் ஒட்டினால், டொமைன் பெயர் இரண்டு முறை வந்துவிடும். எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் சரிபார்ப்பு நடக்காது. சேமித்த பிறகு பட்டியலில் அந்தப் பெயர் எப்படித் தோன்றுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். டொமைனுக்கே உரிய பதிவுகளில் பெயர்க் கட்டத்தில் @ குறியை இட வேண்டும் அல்லது காலியாக விட வேண்டும். இது தளத்துக்குத் தளம் மாறும்.

நான்காவது டிமார்க். மேற்சொன்ன சோதனைகளில் தேறாத அஞ்சலை என்ன செய்வது என்று பெறுபவருக்கு நீங்கள் விடுக்கும் அறிவுறுத்தல் இது. தொடக்கத்தில் ‘நன்’ (none), அதாவது எதுவும் செய்ய வேண்டாம் என்ற மென்மையான நிலையில் வையுங்கள். எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று ஒரு மாதம் பார்த்த பிறகு ‘குவாரன்டைன்’ நிலைக்கு உயர்த்தலாம். உங்கள் பெயரில் வேறொருவர் போலி அஞ்சல் அனுப்பினால், அது பெறுபவரின் ஸ்பேம் பெட்டிக்குப் போக இது உதவும்.

ஒற்றை ஆளுக்கு இவ்வளவும் தேவையா என்றால், தேவைதான். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், தனக்கு அஞ்சல் அனுப்பும் எல்லா டொமைன்களும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றையேனும் வைத்திருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. நாளொன்றுக்கு 5,000 அஞ்சல்களுக்கு மேல் அனுப்புவோருக்கு டிமார்க்கும் கட்டாயம். புதிய டொமைனிலிருந்து வரும் அஞ்சல் ஏற்கெனவே ஐயத்தோடுதான் பார்க்கப்படும். நான்கு பதிவுகளையும் முறையாக வைத்தால் அந்த ஐயம் பெருமளவு விலகும்.

நான்காம் படி: சோதித்துப் பார்த்தல்

கவிதா@உதாரணம்.இன் என்பதுபோல் உங்கள் புதிய முகவரியை உருவாக்கி, அதிலிருந்து பழைய ஜிமெயிலுக்கு ஓர் அஞ்சல் அனுப்புங்கள். கணினியில் அதைத் திறந்து, மூன்று புள்ளிகள் உள்ள பட்டியலில் அஞ்சலின் மூலவடிவத்தைக் காட்டும் தெரிவை அழுத்தினால், மேலே எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய மூன்றுக்கும் எதிரே ‘பாஸ்’ என்று இருக்க வேண்டும். பிறகு அதற்குப் பதில் அனுப்பி, அது புதிய இன்பாக்ஸுக்கு வந்து சேருகிறதா என்று பாருங்கள். முதல் அஞ்சல் ஸ்பேமில் விழுந்திருந்தால், ‘ஸ்பேம் அன்று’ என்று குறித்துவிட்டு, நாலைந்து நண்பர்களோடு சில நாட்கள் இயல்பாகக் கடிதப் போக்குவரத்து நடத்துங்கள்.

ஐந்தாம் படி: பழைய அஞ்சல்களைக் கொண்டுவருதல்

எதையும் நகர்த்துவதற்கு முன், கூகுள் டேக்அவுட் என்ற பக்கத்துக்குச் சென்று, ஜிமெயில் முழுவதற்கும் ஒரு காப்புப் பிரதி எடுத்து, வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். அது எம்பாக்ஸ் என்ற பழமையான, பொதுவான கோப்பு வடிவத்தில் வரும். வேறெந்தப் படியைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

பெரும்பாலான கட்டணச் சேவைகளில் பழைய அஞ்சல்களை இறக்குமதி செய்யும் கருவி உள்ளது. ஜிமெயில் கணக்கோடு நேரடியாக இணைத்துக்கொள்ளும் வசதி அதில் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். இல்லையென்றால், கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, ‘ஆப் பாஸ்வேர்ட்’ எனப்படும் 16 எழுத்துக் கடவுச்சொல் ஒன்றை உருவாக்கி, அதைக் கருவியில் இட வேண்டும். வேலை முடிந்த அன்றே அந்தக் கடவுச்சொல்லை நீக்கிவிடுங்கள். ஜிமெயில் ஒரு நாளில் ஐமேப் வழியாக இறக்கிக்கொள்ளும் அளவுக்கு வரம்பு வைத்திருப்பதால், 15 ஜிபி நிறைந்த கணக்கு முழுமையாக வந்துசேரச் சில நாட்கள் ஆகும். நடுவில் நின்றுவிட்டதாகத் தோன்றினால் பதற வேண்டாம்.

ஜிமெயிலில் உண்மையான கோப்புறைகள் இல்லை, லேபிள்கள்தான் உள்ளன. ஒரே அஞ்சலுக்கு மூன்று லேபிள்கள் இட்டிருந்தால், ஐமேப் வழியே பார்க்கும் கருவிக்கு அது மூன்று கோப்புறைகளிலும், எல்லா அஞ்சல்களும் உள்ள கோப்புறையிலும் இருப்பதாகத் தோன்றும். கவனிக்காமல் எல்லாவற்றையும் இழுத்தால், ஓர் அஞ்சல் நான்கு பிரதிகளாக வந்து புதிய இடத்தை நிரப்பிவிடும். உங்கள் கருவியில் இரட்டிப்பைத் தவிர்க்கும் தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், எல்லா அஞ்சல்களும் உள்ள கோப்புறையை மட்டும் இறக்குமதி செய்து, முக்கியமானவற்றைப் பிறகு பிரித்துக்கொள்ளுங்கள்.

தொடர்புப் பட்டியலும் நாட்காட்டியும் தனியாக வரும். முதலாவதை விகார்ட் கோப்பாகவும், இரண்டாவதை ஐசிஎஸ் கோப்பாகவும் ஏற்றுமதி செய்து புதிய சேவையில் ஏற்றலாம். ஃபில்டர்களைப் புதிதாக எழுதுவதே நல்லது. பாதி ஃபில்டர்கள் எதற்காக எழுதப்பட்டவை என்பது எப்படியும் மறந்திருக்கும்.

ஆறாம் படி: பழைய முகவரியிலிருந்து திருப்பிவிடுதல்

ஜிமெயில் அமைப்புகளில் ‘ஃபார்வர்டிங்’ பகுதிக்குப் போய், புதிய முகவரியைச் சேர்த்து, அங்கே வரும் உறுதிப்படுத்தும் குறியீட்டை இட்டு, பிரதி ஒன்றை ஜிமெயிலிலும் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஸ்பேம் என்று ஜிமெயில் கருதும் அஞ்சல்கள் திருப்பிவிடப்படுவதில்லை; அதனால் வாரம் ஒருமுறை பழைய கணக்கின் ஸ்பேம் பெட்டியைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து, புதிய சேவையில் ஒரு ஃபில்டர் எழுதுங்கள்: பழைய ஜிமெயில் முகவரிக்கு எழுதப்பட்ட ஒவ்வோர் அஞ்சலுக்கும் ‘பழைய முகவரி’ என்ற லேபிள் ஒட்டப்பட வேண்டும். இந்த மாற்றத்தில் எனக்கு மிக அதிகமாக உதவியது இந்தச் சிறிய ஏற்பாடுதான். எந்தெந்த இடங்களில் முகவரி கொடுத்திருக்கிறோம் என்று உட்கார்ந்து யோசித்தால் முப்பது பெயர்கூட நினைவுக்கு வராது. லேபிள் தாமாகவே பட்டியலைத் தயாரித்துக் கொடுக்கும். ஒவ்வொரு முறை அது தோன்றும்போதும், அந்த இடத்தில் முகவரியை மாற்றினால் போதும்.

ஏழாம் படி: முகவரியை எல்லா இடங்களிலும் மாற்றுதல்

மிக நீண்ட படி இது. சுமார் ஓராண்டு எடுத்துக்கொள்ளும் என்று முதலிலேயே மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். காப்பீட்டுப் பிரீமியம், வருமான வரி, வாகனக் காப்பீடு, பள்ளிக் கட்டணம் போன்றவற்றின் அஞ்சல்கள் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்பதால், ஒரு சுற்று முடியாமல் பட்டியல் நிறைவடையாது.

பலர் வங்கியிலிருந்து தொடங்குகிறார்கள். நான் அதற்கு எதிர்த்திசையில் போகச் சொல்வேன். முதல் மாதத்தில் செய்தி மடல்கள், கடைகள், நூலகம், பயணச்சீட்டுத் தளங்கள் ஆகியவற்றை மட்டும் மாற்றுங்கள். புதிய முகவரி ஒரு மாதம் தடங்கலின்றி இயங்குவதைக் கண்ட பிறகு நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் எழுதுங்கள். அதற்குப் பின்பு வங்கி, வருமான வரித் தளம், வருங்கால வைப்பு நிதி, டிமேட் கணக்கு, காப்பீடு ஆகியவற்றுக்கு வாருங்கள். இவற்றில் சில இணையத்திலேயே ஓடிபி மூலம் முடிந்துவிடும். சில இடங்களில் படிவம் நிரப்பிக் கையொப்பமிட்டுக் கிளைக்கு நேரில் செல்ல வேண்டியிருக்கும். நான் சென்ற ஒரு கிளையில், டாட் காமில் முடியாத முகவரியை ஊழியர் தவறு என்று கருதி, தாமாகவே அதை ஜிமெயில் என்று திருத்தி எழுதிவிட்டார். அதனால், மாற்றிய ஒவ்வோர் இடத்திலிருந்தும் புதிய முகவரிக்கு ஓர் அஞ்சலாவது வந்து சேரும்வரை அந்த வேலை முடிந்ததாகக் கருதாதீர்கள்.

‘கூகுள் மூலம் உள்நுழைக’ என்ற பொத்தானைப் பயன்படுத்திச் சேர்ந்த தளங்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அவற்றில் உங்களுக்குக் கடவுச்சொல்லே இருக்காது. ஒவ்வொன்றிலும் முதலில் கடவுச்சொல் ஒன்றை அமைத்து, பிறகு முகவரியை மாற்றி, இறுதியாகக் கூகுள் இணைப்பை நீக்குங்கள். இந்த வரிசை மாறினால் கணக்குக்கு வெளியே நின்றுவிட நேரிடும்.

ஜிமெயிலிலிருந்து அஞ்சல்கள் வெளியேறினாலும் கூகுள் கணக்கை நீக்க வேண்டியதில்லை; நீக்கவும் கூடாது. ஆண்ட்ராய்டு கைபேசி, வாங்கிய செயலிகள், புகைப்படங்கள், யூடியூப் எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. என்றோ கொடுத்த முகவரிக்குப் பத்து ஆண்டுகள் கழித்து ஒரு பழைய நண்பர் எழுதக்கூடும் என்பதும் ஒரு காரணம். சில மாதங்களுக்கு ஒருமுறை உள்நுழைந்து கணக்கை உயிரோடு வைத்திருங்கள்.

எட்டாம் படி: டொமைனைக் காத்துக்கொள்ளுதல்

இப்போது உங்கள் வங்கியின் கடவுச்சொல்லை மீட்கும் அஞ்சல்கூட இந்த டொமைனுக்குத்தான் வருகிறது. டொமைனைத் தவறவிட்டால், அதை வாங்கும் அடுத்த ஆள் உங்கள் பெயரில் முகவரியை உருவாக்கி, அந்த அஞ்சல்களை எல்லாம் பெற்றுக்கொள்ள முடியும். இலவச முகவரியில் இல்லாத பொறுப்பு இது. இதை ஏற்க விருப்பமில்லாதவர்கள் ஜிமெயிலிலேயே இருப்பதுதான் பாதுகாப்பு என்று வெளிப்படையாகவே சொல்வேன்.

பதிவு நிறுவனத்தின் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு வையுங்கள். வேறு நிறுவனத்துக்கு அனுமதியின்றி மாற்றப்படுவதைத் தடுக்கும் டிரான்ஸ்ஃபர் லாக் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தானியங்கிப் புதுப்பித்தலை இயக்குங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். தொடர் கட்டணங்களுக்கு அட்டைதாரர் முன்கூட்டியே பதிந்து தரும் ஒப்புதலும் கூடுதல் சரிபார்ப்பும் வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த பிறகு, வெளிநாட்டு நிறுவனங்கள் இந்திய அட்டைகளிலிருந்து தாமாகப் பணம் எடுக்கும் முயற்சி தோல்வியடைவது சாதாரணமாகிவிட்டது. எனவே, ஒரே முறையில் ஐந்து ஆண்டுகளுக்கோ பத்து ஆண்டுகளுக்கோ கட்டிவிட்டு, ஒவ்வோர் ஆண்டும் பிறந்தநாளன்று இன்னோர் ஆண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் தவறவிட்டால் சிறிது அவகாசம் உண்டு. டாட் காம் டொமைன் காலாவதியான பிறகு, பதிவு நிறுவனத்தைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாட்கள் வரை சலுகைக் காலம் இருக்கலாம்; நீக்கப்பட்ட பின்பும் 30 நாட்களுக்கு, கூடுதல் கட்டணத்தோடு மீட்க முடியும்; அதற்குப் பிறகு 5 நாட்கள் கழிந்தால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் காலாவதியான சில நாட்களிலேயே அஞ்சல் வருவது நின்றுவிடும் என்பதால், இந்த அவகாசத்தைக் கணக்கில் வைத்துத் திட்டமிட வேண்டாம்.

எதைப் பதிந்தீர்கள், எங்கே பதிந்தீர்கள், எப்போது காலாவதியாகும், கணக்குக்குள் எப்படிப் போவது என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதி, சொத்துப் பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் வையுங்கள். குடும்பத்தினர் எல்லோரும் அந்த டொமைனில் முகவரி வைத்திருந்தால், கட்டணம் செலுத்தத் தெரிந்த இன்னொருவராவது வீட்டில் இருக்க வேண்டும்.

பின்னாளில் சேவை நிறுவனத்தை மாற்ற நேர்ந்தால்

கட்டணம் உயர்ந்தாலோ தரம் குறைந்தாலோ, இந்த உழைப்பின் பயன் அன்று தெரியும். மாற்றத்துக்கு ஒரு நாள் முன்பு எம்எக்ஸ் பதிவின் டிடிஎல் மதிப்பை (மற்ற சர்வர்கள் அந்தப் பதிவை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) 300 நொடிகளாகக் குறையுங்கள். புதிய நிறுவனத்தில் எல்லா முகவரிகளையும், அதே இன்பாக்ஸுக்கு வரும் கூடுதல் முகவரிகளான மாற்றுப்பெயர்களையும் முன்கூட்டியே உருவாக்குங்கள். எஸ்பிஎஃப் வரியில் இரண்டு நிறுவனங்களையும் சேர்த்து, புதிய டிகேஐஎம் திறவுகோலையும் இட்டுவிட்டு, அதன் பிறகு எம்எக்ஸை மாற்றுங்கள். இடைப்பட்ட நேரத்தில் ஒரு சர்வர் கிடைக்காமல் போனாலும், அனுப்பும் பக்கம் வழக்கமாகச் சில நாட்கள் வரை மீண்டும் மீண்டும் முயலும் என்பதால் அஞ்சல் தொலையாது. ஓரிரு நாட்களுக்கு அஞ்சல்கள் பழைய இடத்திலும் வந்து விழும். அவற்றையும் ஐமேப் வழியே எடுத்துக்கொண்டு, பழைய கணக்கை இன்னும் ஒரு மாதம் வைத்திருந்து மூடலாம். வங்கிக்கோ வரித் தளத்துக்கோ நண்பர்களுக்கோ நீங்கள் எதையும் தெரிவிக்க வேண்டியிருக்காது.